குளிக்காமத் தூக்கின நாள்

தலையத் தூக்கக் கூடாது. ஒரு மணி நேரம். எனக்குக் குடுத்த வேலை அம்புட்டுதான். "யோகஸ்ரீ அப்பா, முதுகுல ஊசி போட்டிருக்கு, பாப்பா மட்டமாப் படுத்திருக்கணும், தலகாணி கெடையாது, பதினொண்ணே முக்கா வரைக்கும் தலையத் தூக்குனா தலைவலி வந்துரும், பாத்துக்கங்க"ன்னு சொல்லிட்டு சிஸ்டர் அடுத்த கட்டிலுக்குப் போயிட்டாக. பாத்துக்கிறேன். பாத்துக்கிட்டுதான இருக்கேன், வேற என்ன சோலி எனக்கு. இப்ப மணி பத்து அம்பத்தொண்ணு. இந்தச் செவுத்துக் கடிகாரம் ஓடுதா நிக்குதான்னே தெரியல, நான் பாக்கும்போதெல்லாம் நிக்குது, பாக்காதப்ப ஓடுது போல. என் மக மேல சுத்துற ஃபேனப் பாத்துக்கிட்டுக் கெடக்கா. ஆறு வயசு. ஒரு மாசத்துக்கு முன்னாடி கன்னம் ஒட்டிக் கெடந்த பிள்ளை, இப்ப மாத்திரை குடுத்துக் குடுத்து மூஞ்சி உப்பிப் போச்சு, பாக்க வர்ற சொந்தக்காரங்க "பிள்ளை நல்லாத் தேறிட்டாளே மாரீஸ்வரா"ங்கிறாங்க. தேறலய்யா, அது மாத்திரை ஊதுன ஊத்தம். சொல்லி என்ன ஆகப் போகுது. "அப்பா, பசிக்குது." "கொஞ்ச நேரம்டா தங்கம்." "புரோட்டா?" "வெளிச் சாப்பாடு கூடாதுன்னு சொல்லிருக்காகல்ல." "ஒரு புரோட்டா." "அம்மா வந்துரட்டும்." அம்மா வந்துரட்டும்னு வாய் சொல்லுது, இப்ப வந்துறாத தாயின்னு உள்ள ஒருத்தன் கும்புடுறான். பாண்டிச்செல்வி லேப் கவுண்டர்ல நிக்கிறா. என் பொண்டாட்டி. திங்கக்கிழமை பிள்ளையோட இடுப்பெலும்புக்குள்ள இருந்து மஜ்ஜை எடுத்தாகல்ல, அதோட ரிசல்ட்ட பதினோரு மணிக்குக் குடுப்பாக. ரத்தப் புத்துநோய். ஒரு மாசமா ஏத்துன மருந்துக்கு அது மஜ்ஜைய விட்டுப் போயிருச்சா இல்ல இன்னும் உக்காந்திருக்கான்னு அந்த ஒத்தத் தாளுதான் சொல்லணும். போயிருந்தா அடுத்த கட்டம். "போகலைன்னா டாக்டர்?"னு செல்வி கேட்டதுக்கு ஜெசிந்தா டாக்டர் "மொதல்ல ரிசல்ட் வரட்டும்மா"ன்னுட்டுப் போயிட்டாக. நான்தான் போயி வாங்கியிருக்கணும், ஆம்பள. கட்டில விட்டு எந்திரிச்சேன், காலு நகரல. அவ என்னைய ஒரு பார்வை பாத்தா, "நீங்க பிள்ளையப் பாத்துக்கங்க"ன்னுட்டு செருப்ப மாட்டிட்டுக் கெளம்பிட்டா.

மேல தொங்குற பாட்டில்ல இருந்து சொட்டுச் சொட்டா மருந்து எறங்குது. மருந்து. இந்த வார்த்தை பதினாலு வருசமா எனக்கு வேற வார்த்தை. எங்க சிவகாசிப் பக்கம் மருந்துன்னா வாயில போடுறது இல்ல, குழாயில அடைக்கிறது. "அவன் மருந்துல நிக்கிறான்"னா ஆஸ்பத்திரில நிக்கிறான்னு அர்த்தமில்ல, பட்டாசு ஆலையில மருந்து ரூம்ல கலவை போடுறான்னு அர்த்தம். நான் மருந்துல நின்னவன். வெடியுப்பு, கந்தகம், அலுமினியப் பவுடரு, எல்லாத்தையும் அளந்து, சல்லடையில விட்டு, கையாலயே கலக்கணும். இரும்பு ஆகாது, உரசல் ஆகாது, நைலான் சட்டை ஆகாது, கோபம் ஆகாது. ஆமா, கோபமும் ஆகாது. கோபக்காரப் பயல மருந்து ரூமுக்குள்ள விடமாட்டாக, கை வேகமாப் போகும்னு. எனக்கு இருக்கிற கோபமெல்லாம் அந்த ரூம் வாசல்ல கழட்டி வச்சுட்டுப் போயி, சாயங்காலம் எடுத்து மாட்டிக்கிட்டு வர்றதுதான். பூச்சட்டிக்கு ஒரு கலவை, சக்கரத்துக்கு ஒரு கலவை, செவப்பு எரியணும்னா ஒரு உப்பு, பச்சை எரியணும்னா ஒரு உப்பு. கண்ணக் கட்டிவிட்டாலும் விரல்ல தொட்டுச் சொல்லுவேன் எது எதுன்னு. அப்படிப்பட்டவன் இங்க வந்த மொத வாரம் சிஸ்டர் வந்து "இன்னைக்கு பாப்பாவுக்குச் செவப்பு மருந்து"ன்னதும் எனக்குக் கையெல்லாம் குளுந்து போச்சு. பெரிய சிரிஞ்சி நெறையச் செக்கச்செவேல்னு கொண்டு வந்தாக. "ஒண்ணுக்குச் செவப்பாப் போகும், பயந்துறாதீங்க"ன்னாக. பயந்துறாதீங்களா? நல்லா இருக்கு போங்க. பிள்ளை செவப்பா ஒண்ணுக்குப் போறத சட்டியில பிடிச்சுக்கிட்டு நின்னப்ப நான் என்ன நெனச்சேன்னு சொன்னா இந்த வார்டே என்னையக் கிறுக்குப் பயன்னு சொல்லும். உள்ள இருக்கிறது என் மருந்து. அத அணைக்க இவுக மருந்து ஊத்துறாக. இந்தச் சின்ன ஒடம்புக்குள்ள ரெண்டு மருந்தும் சண்டை போடுதேன்னு நெனச்சேன். நெனச்சுக்கிட்டேதான் இருக்கேன். நிப்பாட்டத் தெரியல.

என் மருந்துன்னு நானா சொல்லல. மொத டாக்டரு சொன்னாரு. இல்ல, அவரு அப்படிச் சொல்லல, அவரு சொன்னத நான் அப்படி எடுத்துக்கிட்டேன், ரெண்டும் ஒண்ணுதான, இல்லையா, எனக்கு இப்ப வெவரமாத் தெரியல. மொதல்ல பிள்ளைக்குக் காய்ச்சல் வருது போகுது, காலு வலிக்குதுங்கிறா, பள்ளிக்கூடத்துல ஓட மாட்டேங்கிறா, முழங்காலுக்குக் கீழ எங்க பாத்தாலும் நீலம் நீலமா. "எங்கடி விழுந்த?"ன்னு கேட்டா "விழலையே"ங்கிறா. விருதுநகர்ல ஒரு கிளினிக்ல காட்டி ரத்தம் எடுத்து, மறுநா போனா அந்த டாக்டரு தாளப் பாத்துட்டு மூக்குக் கண்ணாடியக் கழட்டிட்டாரு. "நீங்க என்ன வேலை பாக்குறீங்க?" "பட்டாசு வேலை சார். மருந்துல." "ரத்தத்துல பிளாஸ்ட் எழுபது பர்சன்ட் இருக்குங்க." நான் ஒடனே, எங்க ஊர்க்காரன் எவனா இருந்தாலும் அதத்தான் சொல்லிருப்பான், "எங்க யூனிட்ல இல்ல சார், பிளாஸ்ட் ஆனது ரோட்டுக்கு அந்தப் பக்கம் யூனிட்ல, போன மாசம்"னேன். அந்த மனுசன் என்னையவே பாத்தாரு. அதிர்ச்சியில உளறுறான்னு நெனச்சிருப்பாரு. "அது இல்லங்க, இது வேற பிளாஸ்ட். மதுரைக்குக் கூட்டிட்டுப் போங்க, இன்னைக்கே"ன்னு லெட்டர் எழுதிட்டாரு. எங்க ஊர்ல பிளாஸ்ட்னா ஒண்ணே ஒண்ணுதான். போன் வந்தா மொதல்ல கேக்குறது "எந்த யூனிட்ல பிளாஸ்ட்?", ரெண்டாவது "யாரு யாரு?". அந்த வார்த்தைய ஒரு டாக்டரு என் பிள்ளை ரத்தத்துக்குள்ள இருக்குன்னு சொல்றாரு, அதுக்கு முந்தின கேள்வி நீ என்ன வேலை பாக்குறங்கிறது. கூட்டிக் கழிச்சுப் பாக்க எனக்குத் தெரியாதா? இங்க வந்த பெறகு பக்கத்துக் கட்டில் பரமக்குடி அம்மா சொல்லிக் குடுத்துச்சு, பிளாஸ்ட்ங்கிறது ஒரு கெட்ட செல்லுண்ணே, எல்லாப் பிள்ளைக்கும் அதான் பேருன்னு. சரி, செல்லுதான். ஒத்துக்கிறேன். ஆனா அதுக்கு ஏன் அந்தப் பேரு வச்சாங்க? சும்மா வைப்பாங்களா? வெடிக்கிற சாமான் உள்ள போயிதான வெடிக்கிற செல்லு வந்திருக்கும்? படிச்சவன் கேட்டாச் சிரிப்பான். சிரிக்கட்டும். ஒரு மாசமா ரவுண்ட்ஸ் வர்றப்பல்லாம் "பிளாஸ்ட் எவ்வளவு?"ன்னு அவுக கேக்க, ஒவ்வொரு தடவையும் எனக்கு அந்தப் பகல் பதினொண்ணரை மணிச் சத்தம் காதுக்குள்ள கேக்குது.

அந்தச் சத்தம். மருந்து ரூம்ல நான் நிக்கிறேன், தரை ஒரு குலுக்குக் குலுக்குச்சு. எங்களுக்குத் தெரியும், மொதச் சத்தத்துக்கு ஓடணும், எந்தப் பக்கம்னு பாக்கக் கூடாது, கைல இருக்கிறத மெதுவா வச்சுட்டு ஓடணும். மெதுவா வச்சேன். ஓடுனேன். காட்டுக்குள்ள எல்லாரும் நின்னு பாத்தா ரோட்டுக்கு அந்தப் பக்கம் பொகை. எங்களுது இல்ல. "எங்களுது இல்ல"ன்னு ஒரு சந்தோசம் வந்துச்சு பாருங்க, அந்தச் சந்தோசத்துக்கு எந்தச் சாமிகிட்டப் போயி மன்னிப்புக் கேக்க. என் போனு ஆலை கேட்ல பெட்டியில கெடக்கு, உள்ள கொண்டு போகக் கூடாதுல்ல. செல்வி பத்துத் தடவை அடிச்சிருக்கா, எடுக்க ஆளில்ல, அவளுக்கு எப்படி இருந்திருக்கும். அதனால நான் குளிக்கல. தெனமும் வேலை முடிஞ்சு ஆலைத் தொட்டியில சோப்புப் போட்டுக் குளிச்சு, வேலைச் சட்டைய அங்கயே ஆணியில மாட்டிட்டு, வேற உடுப்புப் போட்டுத்தான் வீட்டுக்கு வருவேன். பதினாலு வருசத்துல ஒரு நா தப்புனது இல்ல. அன்னைக்கு மட்டும் அப்படியே பைக்க எடுத்துக்கிட்டு ஓடியாந்தேன். மேலெல்லாம் அலுமினியப் பவுடரு, தலமுடி, இமை, காது மடல், எல்லாம் வெள்ளி. செல்வி முக்குல நிக்கிறா, தலைய விரிச்சுப் போட்டுக்கிட்டு, என்னையப் பாத்ததும் "இருக்கீகளா"ன்னா. வாங்கன்னு சொல்லல, இருக்கீகளான்னு கேட்டா. இந்தப் பிள்ளை அவ இடுப்புல இருந்து எம் மேல பாஞ்சிருச்சு. "குளிச்சுட்டுத் தூக்குங்க"ன்னு செல்வி சொன்னா. சொன்னா, அது எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. நான் கேக்கல. விட மனசு வரல. உசுரோட வந்திருக்கேன், என் பிள்ளையத் தூக்கக் கூடாதா? அப்படியே நெஞ்சோட வச்சுக்கிட்டு வாசப்படியில உக்காந்திருந்தேன், ஒரு மணி நேரம் இருக்கும். அவ என் கழுத்துல மூஞ்சிய வச்சுத் தூங்கிப் போயிட்டா. எறக்கி விடும்போது பாத்தா அவ மூக்கு நுனி, ஒதடு, கன்னம், எல்லாம் வெள்ளி. நானும் செல்வியும் சிரிச்சோம். சிரிச்சோம்! பெறகு மூணு வாரத்துல காலு நீலம். ஒதட்டுல இருந்தத நக்கியிருப்பா, மூச்சுல இழுத்திருப்பா. ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரத்த இந்த ஒரு மணி நேரத்தோட வச்சு எத்தன தடவை பாத்தாச்சு. இங்க ஒரு மணி நேரம் காப்பாத்துனா அங்க போட்டது அழிஞ்சுருமா? பேசாம இருடே மாரீஸ்வரா.

"அப்பா." "என்ன தாயி." "ஃபேன்ல ஒரு ரெக்கை மட்டும் அழுக்கா இருக்கு." "சுத்தும்போது எப்படிடி தெரியுது?" "எனக்குத் தெரியும்." சொல்லிக்கிட்டே பொசுக்குன்னு தலையத் தூக்கிட்டா, அந்தப் பக்கம் பரமக்குடிப் பையன் இட்லி திங்கிற வாசம் வந்துருச்சு போல, நான் துண்டத் தேடுனேன், துண்டு கால்மாட்டுல கெடக்கு, வேற வழியில்லாம வெறுங்கைய நெத்தியில வச்சு அமுக்கிட்டேன். ஒரு மாசத்துல இவள வெறுங்கையாலத் தொட்டது இப்பத்தான். செல்விக்கு அது தெரியாது. கிருமி வந்துரும்னு ஆஸ்பத்திரில சொன்னதால நான் துண்ட வச்சுத் தொடுறேன்னு நெனச்சுக்கிட்டிருக்கா. கிருமிக்கு இல்ல. என் கைக்குப் பயந்து. பதினாலு வருசம் மருந்து கலந்த கை, ரேகைக்குள்ள இன்னும் கருப்பா ஓடுது, சோப்பும் டெட்டாலும் போட்டுத் தோலு உரிஞ்சதுதான் மிச்சம். "கை சில்லுனு இருக்குப்பா"ன்னு சொல்லிட்டு அவ மறுபடியும் படுத்துட்டா. நெத்தி என் உள்ளங்கைக்குள்ள அடங்கிப் போச்சு, முடியெல்லாம் கொட்டிப்போயி நெத்தி எங்க முடியுது தலை எங்க ஆரம்பிக்குதுன்னு தெரியல. எடுக்கணும் கைய. எடுத்துட்டேன். "என்னண்ணே, பிள்ளைக்கு வேர்க்குதா?"ன்னு பரமக்குடி அம்மா கேட்டுச்சு. "இல்லம்மா, சும்மா"ன்னேன். மணி பதினொண்ணு எட்டு. தாளு வந்திருக்கும். செல்வி கைல இருக்கும் இந்நேரம். படிச்சிருப்பா, அவ பத்தாப்பு வரைக்கும் படிச்சவ, இங்கிலீசு எழுத்துக் கூட்டுவா. படிச்சுட்டு நடந்து வர்றாளா? படிக்க முடியாம அங்கயே உக்காந்துட்டாளா? நல்லதா இருந்தா ஓடியாருவா. ஓடி வரலையே. லிப்ட்டு நின்னுருக்கும். மாடிப்படி அந்தக் கடேசில இருக்கு. ஓடி வந்தாலும் நேரமாகும்.

நான் வேலைய விட்டுட்டேன். மதுரைக்கு வந்த மூணாவது நாளு போர்மேனுக்குப் போனப் போட்டு "இனிமே வரமாட்டேன்"னேன். "என்னப்பா, தீபாவளி ஆர்டர் கெடக்கு, கலவைக்கு ஆளு வேணாமா, பிள்ளைக்குச் சரியானதும் வா"ன்னாரு. "வரமாட்டேன் சார், எப்பவுமே." செல்விகிட்ட "பிள்ளைய விட்டுட்டு எப்படிப் போறது"ன்னு சொல்லி வச்சிருக்கேன். ஒரு நா ஊருக்குப் போயி ஆலையில ஆணியில மாட்டியிருந்த வேலைச் சட்டையையும் அன்னைக்குப் போட்டிருந்த கைலியையும் எடுத்துக்கிட்டு வந்து கம்மாக் கரையில வச்சு எரிச்சேன். துணி எரியிற மாதிரி எரியல. சீறிக்கிட்டு வெள்ளையா எரிஞ்சுச்சு, நெசவுக்குள்ள அம்புட்டு மருந்து இருந்திருக்கு. அதுக்குள்ளதான என் பிள்ளை மூஞ்சிய வச்சுத் தூங்குனா. ஆனா ஒண்ணு சொல்றேன், எரிச்ச பெறகு எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்துச்சு. தப்பு என்னுது, தப்ப எரிச்சாச்சு, வேலைய விட்டாச்சு, இனி அது வீட்டுக்கு வர வழியில்ல, அப்ப இவளுக்குச் சரியாயிரணும்ல? ஞாயம்னு ஒண்ணு இருந்தா சரியாயிரணும்ல? யாருகிட்டப் பேரம் பேசுறேன்னு தெரியாமலே ஒரு மாசமாப் பேசிக்கிட்டிருக்கேன். டாக்டருகிட்ட மட்டும் கேக்கல. எத்தன தடவை வாயத் தொறந்தேன். அவுக ஆமான்னு சொல்லிட்டா செல்வி அங்கனதான நிப்பா, குளிச்சுட்டுத் தூக்குங்கன்னு சொன்னவ. அப்புறம் அவ மூஞ்சிய நான் எப்படிப் பாக்க.

செருப்புச் சத்தம். செல்விதான், ஓடியும் வரல, மெதுவாவும் வரல. மாஸ்க்குக்கு மேல கண்ணு மட்டும் தெரியுது, அந்தக் கண்ண வச்சு ஒரு எழவும் படிக்க முடியல. "என்னன்னு போட்டிருக்கு?" "ஜெசிந்தா டாக்டர் வர்றாக, வந்து சொல்லுவாக." "நீ பாத்தியா இல்லையா?" "பாத்தேன்." "சொல்லேன் புள்ள." தாள நீட்டுனா. நான் படிச்சது அஞ்சாப்புதான், ஆனா அந்த வார்த்தைக்கு மட்டும் எழுத்து எழுத்தா எனக்குத் தெரியும், ஒரு மாசமாப் பழகிட்டேன். அதுக்கு நேரே ரெண்டு. ரெண்டு பர்சன்ட். "எழுபது இருந்தது ரெண்டா ஆயிருச்சுங்க"ன்னு செல்வி சொல்றா, சந்தோசப்படலாமான்னு என்கிட்ட அனுமதி கேக்குறா. ரெண்டு இருக்குங்கிறாளே. ரெண்டு மிச்சமிருக்கு. மருந்து ரூமக் கூட்டிப் பெருக்கி, தண்ணி ஊத்திக் கழுவி, எல்லாம் சுத்தம்னு சொல்லிட்டுப் போவானுங்க, பாய்க்கு அடியில ஒரு சிட்டிகை கெடக்கும், மறுநா எவனோ காலத் தேய்ப்பான். எத்தன ரூமு அப்படிப் போச்சு. தொண்ணூத்தெட்டு அள்ளுனது கணக்குல வராது, மிச்சம் கெடக்கிற ரெண்டுதான் ஆளக் கொல்லும். இத இவகிட்ட எப்படிச் சொல்ல. "ஏங்க, பேசுங்களேன்"ங்கிறா.

ஜெசிந்தா டாக்டர் வந்தாக. சின்ன உருவம், பெரிய குரலு. "என்ன யோகஸ்ரீ, எட்டிப் பாக்காதே, அப்படியே படு. அம்மா, அப்பா, நல்ல சேதி. நோய் அடங்கியிருக்கு. இத ரெமிஷன்னு சொல்லுவோம். முடிஞ்சு போச்சுன்னு நெனச்சுக்காதீங்க, இன்னும் நுணுக்கமா ஒரு டெஸ்ட் ரிசல்ட் வரணும், சிகிச்சை ரெண்டு வருசத்துக்கு மேல இருக்கு. ஆனா மொதப் படி ஏறிட்டா." செல்வி கையெடுத்துக் கும்புட்டுட்டா. நான் கும்புடல. "ரெண்டு இருக்கே டாக்டர்"னேன். "எது?" "பிளாஸ்ட். ரெண்டு பர்சன்ட் மிச்சம் இருக்கே. அது போதாதா." அவுக என்னையப் பாத்தாக. "எதுக்குப் போதும்?" அப்பத்தான் எனக்கு வாயி கழண்டுக்கிச்சு, நிறுத்த முடியல, பட்டாசு, மருந்து, ரோட்டுக்கு அந்தப் பக்கம், குளிக்கல, வெள்ளி, ஒதட்டுல இருந்துச்சு, ஒரு மணி நேரம் தூக்கி வச்சிருந்தேன், இவ சொன்னா நான்தான் கேக்கல, "நான் கொண்டாந்து போட்டதா டாக்டர்? என்னாலயா?" வார்டுல எல்லாரும் திரும்பிப் பாக்குறாக. செல்வி வாயில கைய வச்சுக்கிட்டா. ஜெசிந்தா டாக்டர் கட்டில் ஓரத்துல உக்காந்துட்டாக, அவுக உக்காந்து நான் பாத்ததே இல்ல. "பிளாஸ்ட்னா வெடின்னா நெனச்சீங்க, இத்தன நாளா?" நான் தலையாட்டுனேன். "இது அந்த பிளாஸ்ட் இல்லங்க. இந்த வார்த்தை வந்த கிரேக்க பாஷையில இதுக்கு முளைன்னு அர்த்தம். பிஞ்சு செல். பிஞ்சு முத்தித்தான் நல்ல ரத்தமாகும். இவளுக்கு முத்தாம பிஞ்சாவே பெருகிப் போச்சு, அதான் நோய். ரெண்டு பர்சன்ட் பிஞ்சு இருக்கிறது மிச்சமில்ல, அது இருக்க வேண்டியது. உங்க எலும்புக்குள்ளயும் இருக்கு, என் எலும்புக்குள்ளயும் இருக்கு. இல்லைன்னாத்தான் நான் பயப்படணும்." பெறகு சொன்னாக, "நீங்க தூக்குனதால வரல. அம்மாவால வரல. யாரு செஞ்ச தப்பாலயும் வரல. அனேகமான பிள்ளைகளுக்கு இது ஏன் வருதுன்னு எங்களுக்கே இன்னும் தெரியாது. தெரியாதுங்கிறதுதான் உண்மை." தோள்ல ஒரு தட்டுத் தட்டிட்டு எந்திரிச்சுப் போயிட்டாக.

முளையா. ஒரு முளைக்கா இம்புட்டு நாளு பயந்து செத்தேன். சிரிக்கவா அழவான்னு தெரியல, செல்வி என் முழங்கையப் பிடிச்சுக்கிட்டு "கிறுக்கு மனுசா, கிறுக்கு மனுசா, எங்கிட்டச் சொல்லக் கூடாதா, ஏன் குளிக்காமத் தூக்குனீகன்னு நான் உங்களக் கேட்டனா, ஒரு தடவையாவது கேட்டனா"ன்னு குலுக்குறா. நெஞ்சு லேசாயிருக்கணும்ல? லேசாச்சு, இல்லைன்னு சொல்லல. ஆனா அது லேசான எடத்துல வேற ஒண்ணு வந்து உக்காருது, அத எப்படிச் சொல்ல. என் தப்புன்னு இருந்த வரைக்கும் எனக்கு ஒரு பிடிமானம் இருந்துச்சு. சட்டைய எரிச்சேன், வேலைய விட்டேன், துண்டப் போட்டுத் தொட்டேன், இனி வராதுன்னு ஒரு கணக்கு வச்சிருந்தேன். தெரியாதுன்னா? ஏன் வந்துச்சுன்னு தெரியாதது திரும்பி வராம இருக்க நான் எந்த வாசல்ல போயி நிக்க? யாருமேல கோபப்பட? ஒரு மாசமா என்மேல பட்ட கோபம் பூராவும் இப்பக் கைல கெடக்கு, வைக்க எடமில்ல. இதுவும் ஒரு பயந்தான், ஆனா இது எல்லாருக்கும் பொதுவான பயம், பரமக்குடி அம்மா படுற பயம், அந்தக் கடேசிக் கட்டில்ல பேரனுக்குத் துணையிருக்கிற தாத்தா படுற பயம். இதோட இருக்கப் பழகணும். பழகுவோம். வேற என்ன செய்ய.

"அப்பா." யோகுதான். ஃபேனத்தான் பாத்துக்கிட்டிருக்கா. நாங்க இவ இருக்கிறதையே மறந்து போயிப் பேசிக்கிட்டிருந்திருக்கோம். "என்ன தங்கம்." "டாக்டர் ஆன்ட்டி யாராலயும் வரலன்னாங்கள்ல." "ஆமாடா." "என்னாலயும் இல்லையா?" எனக்குப் புரியல. "நீ என்னடா செஞ்ச?" பெறகு, ஃபேனுக்குச் சொல்ற மாதிரி, "பல்பம் தின்னேன்ல"ன்னா. "எது?" "சிலேட்டுப் பல்பம். பள்ளிக்கூடத்துல. நெறைய. அம்மா பாத்துட்டு, பல்பம் தின்னா ரத்தமெல்லாம் கெட்டுப் போயிரும்டின்னு அடிச்சாங்கள்ல. அப்புறமும் தின்னேன். ஒளிச்சு வச்சுத் தின்னேன். அப்புறந்தான் ரத்தம் கெட்டுப் போச்சு." செல்வி கைல இருந்த தாளு கீழ விழுந்துச்சு, அவ குனிஞ்சு எடுக்கல. ஒரு மாசம். எத்தன ஊசி, ரத்தம் எடுக்க, மருந்து ஏத்த, முதுகுல, இடுப்புல, ஒரு ஊசிக்குக்கூட வாயத் தொறக்காத பிள்ளை இது. சிஸ்டருங்க மத்தப் பிள்ளைககிட்ட "யோகஸ்ரீயப் பாரு, எம்புட்டு தைரியம்"னு காட்டுவாக, நாங்களும் சொந்தக்காரங்க வந்தாப் பெருமையாச் சொல்லிக்கிட்டிருந்தோம், எங்க பிள்ளை அழவே மாட்டான்னு. "அதனாலயாடா ஊசிக்கு அழாம இருந்த?"ன்னேன். "நான்தான தின்னேன்"ன்னா. நான் கட்டில்மேல சாஞ்சு அவ காதோட சொன்னேன், பல்பத்தால இல்ல தாயி, பல்பம் தின்னதால ஒண்ணும் வரல, நீ ஒரு தப்பும் செய்யல, ஒரு தப்பும் செய்யல. எத்தன தடவை சொன்னேன்னு தெரியாது. அவ கேட்டுக்கிட்டே கெடந்தா. பெறகு கண்ண மட்டும் திருப்பி என்னையப் பாத்து, "அப்ப இனிமே ஊசி போட்டா அழலாமாப்பா?"ன்னா. "அழலாம்டா." "சத்தமா?" "சத்தமா அழு"ன்னு செல்விதான் சொன்னா.